குருசடியில் நிற்கும் குருசு: ஒரு சொல்லின் பூர்வீகத்தைத் தேடும் வழி

கன்னியாகுமரி மாவட்டத்தில் குருசடி, அதாவது சிலுவை நட்டு மெழுகுதிரி ஏற்றும் சிறு வழிபாட்டிடம், இல்லாத ஊர் அபூர்வம். ஜங்ஷனில் ஒன்று, கடற்கரையில் ஒன்று, ரப்பர் தோட்டத்துக்குத் திரும்பும் மண்பாதையின் முனையில் ஒன்று என்று நின்றுகொண்டிருக்கும். பஸ்ஸில் ‘குருசடி ஒண்ணு’ என்று டிக்கெட் எடுக்கிறோம். கல்யாண வீட்டுக்கு வழி சொல்லும்போது ‘குருசடி கழிஞ்சு வலதுபக்கம்’ என்கிறோம். ஆனால் சிலுவையைக் குறிக்கும் இந்தக் ‘குருசு’ எந்த மொழிச் சொல் என்று கேட்டால், ‘இங்கிலீஷ் கிராஸ்தான் வாயில் தேய்ந்து அப்படி ஆகிவிட்டது’ என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். அது சரியில்லை. சரியான பதிலை நீங்களே கண்டுபிடிக்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் கருங்கல் பக்கம் தமிழ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஊர்ப் படிப்பகத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து சொல் தேடுகிறோம். இதற்கு மொழியியல் பட்டம் வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு போன், அவசரப்படாத மனசு, இவ்வளவு போதும். பல சொற்களை மேலோட்டமாகப் பார்ப்பதைவிட ஒரே சொல்லை அடிவரை தோண்டுவது நல்லது. ஆகவே குருசையே எடுத்துக்கொள்வோம்.

காதில் விழுந்ததை அப்படியே எழுதுங்கள்

சொல்லைத் திருத்தாமல் குறித்துக்கொள்வதுதான் முதல் வேலை. எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு குருசடி இருக்கிறது. இடுப்பளவு சிமென்ட் மேடை, அதன்மேல் சுண்ணாம்பு அடித்த குருசு, முன்னால் இரும்புக் கிராதி, கிராதிக்கு உள்ளே மெழுகுதிரி உருகிக் கறுத்துப்போன தகரத் தட்டு, ஓரத்தில் பூட்டுப் போட்ட காணிக்கைப் பெட்டி. மேலே போர்டில் ‘குருசடி’ என்று எழுதியிருக்கிறது. அதே இடத்துத் திருவிழாவுக்குப் பணம் பிரிக்கும் ரசீதுப் புத்தகத்தில் ‘குரிசடி’ என்று அச்சாகியிருக்கிறது. எது சரி டீச்சர் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இரண்டையும் எழுதுங்கள் என்கிறேன். மலையாளம் காதில் விழுந்துகொண்டே இருக்கும் விளவங்கோடு பக்கத்து ஊர்களில் குரிசு. பத்துகாணி பக்கம் எல்லையில் நிற்கும் மலைக்கே குரிசுமலை என்றுதான் பெயர். கிழக்கே வர வர குருசு. ஒரே சொல் இரண்டு வாயில் இரண்டு மாதிரி ஒலிப்பது தேடுகிறவருக்கு ஒரு தடயம். அதை அழித்துவிடக் கூடாது.

ஆள் பெயர்களையும் விடாதீர்கள். குருசுமுத்து, குருசு மிக்கேல் என்ற பெயர்கள் கடற்கரை ஊர்களில் உண்டு. தூத்துக்குடி நகராட்சித் தலைவராக இருந்து ஊருக்குக் குடிநீர் கொண்டுவந்த குரூஸ் பர்னாந்தின் பெயரில் இருப்பதும் இதே சொல்தான். குருசு, குரிசு, குரூஸ் என்று மூன்று வடிவங்கள் நோட்டில் ஏறியாயிற்று.

அடுத்து, கூட்டுச்சொல்லைப் பிரியுங்கள். குருசடி என்பது குருசு, அடி என்ற இரண்டு சொற்கள். ‘அடி’ நம் வீட்டுச் சொல். ஆலடி, புளியடி என்று மரத்தின் கீழுள்ள இடத்துக்குப் பெயர் வைத்த பழக்கம்தான் குருசின் கீழுள்ள இடத்தையும் குருசடி ஆக்கியிருக்கிறது. நாகர்கோவில் வேப்பமூட்டில் உள்ள ‘மூடு’ம் அதே வேலையைத்தான் செய்கிறது. பாதி தெரிந்துவிட்டது, மீதிப் பாதிக்குத்தான் தேடல்.

நம் சொல்தானா என்று பாருங்கள்

படிப்பகத்தில் ஒரு பையன் எழுந்து சொன்னான்: “டீச்சர், குருதி சிந்தின மரம், அதுனாலதான் குருசு.” கேட்க அழகாகத்தான் இருக்கிறது. கீர்த்தனைகளில் குருசும் குருதியும் மோனையாகச் சேர்ந்து வருவதால் பெரியவர்கள்கூட இப்படி நம்புகிறார்கள். “சரி மக்களே, குருதியில் உள்ள ‘தி’ போய் ‘சு’ எப்படி வந்துது? அதே மாதிரி மாறின இன்னொரு சொல் சொல்லு பாப்போம்” என்றேன். அவனால் சொல்ல முடியவில்லை. யாராலும் முடியாது, ஏனென்றால் அப்படி ஒரு விதி தமிழில் இல்லை. இந்த ஒரு கேள்வியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்: இதே மாற்றம் நடந்த இன்னொரு சொல் எங்கே? ஒலி ஒத்துப்போவதை மட்டும் நம்பினால் கதை கிடைக்கும், வேர் கிடைக்காது. கடவுளைக் குறிக்கும் லத்தீன் ‘தேயுஸ்’, கிரேக்கத் ‘தெயோஸ்’ இரண்டும் கூடப்பிறந்தவை போல ஒலிக்கின்றன, பொருளும் ஒன்றே. ஆனால் இரண்டும் வேறு வேறு வேரிலிருந்து வந்தவை என்று மொழியறிஞர்கள் நிறுவியிருக்கிறார்கள்.

தமிழ்ச் சொல் என்றால் அதற்கு ஒரு வினையடியோ சொந்தபந்தமோ இருக்கும். குருசுக்கு அப்படி எதுவும் இல்லை. பழைய இலக்கணக்காரர்கள் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நாலாகப் பிரித்தார்கள். குருசு திசைச்சொல் பெட்டியில் விழுகிறது. எந்தத் திசை என்பதுதான் கேள்வி.

வெளியிலிருந்து வந்த சொல் தமிழ் வாசலில் எப்படி உடை மாற்றிக்கொள்ளும் என்பது தெரிந்தால் பழைய உருவத்தை ஊகிக்கலாம். மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது, வல்லின மெய் சொல்லுக்குக் கடைசியில் நிற்காது என்று எட்டாம் வகுப்பிலேயே படித்திருப்போம். ஆகவே ‘க்ரூஸ்’ என்று ஒரு சொல் வந்தால், முன்னால் உள்ள ‘க்ர்’ உடைந்து நடுவே ஓர் உயிர் நுழைய வேண்டும், பின்னால் ஓர் உகரம் ஒட்ட வேண்டும். நடுவே நுழையும் உயிர் பெரும்பாலும் அடுத்த உயிரைப் பார்த்துக் காப்பியடிக்கும். க்ரிஸ்து கிறிஸ்து ஆனது, இகரத்தைப் பார்த்து இகரம். க்ரூஸ் குருசு ஆனது, உகரத்தைப் பார்த்து உகரம். கடைசி ‘சு’ அரசு, பரிசு, முரசு போல உயிர்த்தொடர்க் குற்றியலுகரம். இவ்வளவு ஒழுங்காக உடை மாற்றியிருப்பதால், நெடுநாள் முன்பு, எழுத்து வழியாக இல்லாமல் வாய் வழியாக வந்த சொல் என்று நினைக்க இடமிருக்கிறது.

இங்கிலீஷ் கிராஸிலிருந்து ஏன் வரவில்லை என்பதற்கும் இங்கேயே விடை கிடைக்கிறது. அதில் உகரமே இல்லை. கிராஸ் நம் வாய்க்கு வந்தால் கிராஸாகவேதான் இருக்கிறது, ‘ரோட்டை கிராஸ் பண்ணு’ என்கிறோமே, அது போல.

அக்கா தங்கைகளை வரிசையில் நிறுத்துங்கள்

இந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. லத்தீன் மொழி ரோமப் பேரரசோடு பரவி, ஊருக்கு ஊர் வேறு வேறாகப் பேசப்பட்டு, போர்த்துகீசியம், ஸ்பானிஷ், கத்தலான், பிரெஞ்சு, இத்தாலியன், ருமேனியன் என்று பல மொழிகள் ஆயிற்று. இவற்றுக்கு ரொமான்ஸ் மொழிகள் என்று பெயர். ரோம் என்பதிலிருந்து வந்த பெயர் அது. போனில் விக்சனரி என்ற இணைய அகராதியைத் திறந்து ஒரே சொல்லை இத்தனை மொழிகளிலும் எடுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள்.

குருசுக்கு எங்கள் நோட்டில் இப்படி இருக்கிறது. லத்தீன் குருக்ஸ். போர்த்துகீசியம் குரூஸ், இன்றைய லிஸ்பனில் குரூஷ் என்பார்கள். ஸ்பானிஷ் குரூஸ், ஸ்பெயினின் பெரும்பகுதியில் கடைசி ஒலி நாக்கைப் பல்லுக்கு நடுவே வைத்துச் சொல்வது. கத்தலான் குரேவு. பிரெஞ்சு குருவா. இத்தாலியன் குரோச்சே. ருமேனியன் குருச்சே.

லத்தீனில் ‘க்ஸ்’ என்று முடிகிறதே, பிள்ளைகளுக்கு ‘ச்சே’ எங்கிருந்து வந்தது என்ற சந்தேகம் வர வேண்டும். லத்தீன் பெயர்ச்சொல் எழுவாயாக வரும்போது ஒரு வடிவம், செயப்படுபொருளாக வரும்போது வேறு வடிவம். நம் மரம், மரத்தை என்று மாறுவது போலத்தான். குருக்ஸ் என்பது எழுவாய், செயப்படுபொருள் ‘குருகெம்’. ரொமான்ஸ் மொழிகளின் பெயர்ச்சொற்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வடிவத்திலிருந்து, கடைசி ‘ம்’ உதிர்ந்து பிறந்தவை. எனவே தேடும்போது அகராதியில் முதலில் தெரியும் லத்தீன் வடிவத்தோடு நிற்காமல் அடுத்த வடிவத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் குருகெ எப்படிக் குரோச்சே ஆனது? லத்தீனில் எகர இகரங்களுக்கு முன்னால் இருந்த ககரம் பேச்சில் மெலிந்து சகரப் பக்கம் போய்விட்டது. இது நமக்குத் தெரியாத சங்கதி இல்லை. தமிழில் செவி, கன்னடத்தில் கிவி. நம் ‘சிறு’வுக்குக் கன்னடத்தில் ‘கிரு’. கன்னடம் பழைய ககரத்தை வைத்துக்கொண்டது, தமிழ் எகர இகரங்களுக்கு முன்னால் அதைச் சகரமாக்கிவிட்டது. ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத இரண்டு மொழிக் குடும்பங்கள் ஒரே மாதிரி வழியில் போயிருக்கின்றன, நாக்கின் அமைப்பு அப்படி. இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது, கன்னடம் தெரிந்த ஒரு பெண்பிள்ளை, பெங்களூரில் வளர்ந்தவள், தானாகவே இன்னும் இரண்டு சொல் எடுத்துத் தந்தாள். அந்த வகுப்பை என்னால் மறக்க முடியாது.

இனி உயிரெழுத்தைப் பாருங்கள். இத்தாலியனில் ஓகாரம், போர்த்துகீசியத்தில் உகரம். எது ஒழுங்கு, எது விலகல்? ஒரு சொல்லை வைத்துச் சொல்ல முடியாது; அதே அச்சில் வார்த்த இன்னொரு சொல் வேண்டும். லத்தீனில் கொட்டைக்கு நுக்ஸ், செயப்படுபொருளில் நுகெம். குருக்ஸ், குருகெம் போலவே. அதன் பிள்ளைகள் இத்தாலியனில் நோச்சே, பிரெஞ்சில் நுவா, போர்த்துகீசியத்தில் நோஸ். இப்போது ஜோடி சேருங்கள். இத்தாலியன்: நோச்சே, குரோச்சே. பொருந்துகிறது. பிரெஞ்சு: நுவா, குருவா. பொருந்துகிறது. போர்த்துகீசியம்: நோஸ், குரூஸ். பொருந்தவில்லை! விதிப்படி ‘குரோஸ்’ என்றுதான் இருந்திருக்க வேண்டும்.

விலகல் கிடைத்தால் ஏமாற்றம் அடையாதீர்கள். சொல்லின் வாழ்க்கைக் கதை அங்கேதான் ஒளிந்திருக்கும். இந்த விலகலுக்கு அறிஞர்கள் சொல்லும் காரணம் கோயில். கொட்டையைப் பற்றி யாரும் லத்தீனில் ஜெபிப்பதில்லை, அந்தச் சொல் சந்தையிலும் சமையலறையிலும் கிடந்து தன் போக்கில் மாறியது. குருசோ தினமும் லத்தீன் வழிபாட்டில் ‘குரூசிஸ்’, ‘குரூச்செம்’ என்று உகரத்தோடு காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் மக்களின் வாயில் அந்த உகரம் மாறாமல் பிடித்து நின்றுவிட்டது. 1960களில் பூசை தமிழுக்கு மாறும்வரை லத்தீன் கேட்டு வளர்ந்த பெரியவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். பொருள் தெரியாமலே வரி வரியாகச் சொல்வார்கள், ஒலி ஒன்றுகூடப் பிசகாது. வழிபாடு ஒரு சொல்லின் ஒலியை இப்படிக் கட்டிக் காப்பதை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

தேடலுக்கு இதனால் கிடைக்கும் லாபம் பெரியது. நம் குருசில் இருப்பது உகரம். எனவே இத்தாலியனிலிருந்தோ பிரெஞ்சிலிருந்தோ கத்தலானிலிருந்தோ அது வந்திருக்க முடியாது. மிச்சம் இருப்பவை போர்த்துகீசியமும் ஸ்பானிஷும் ருமேனியனும். ருமேனியனில் கடைசியில் ‘ச்சே’ ஒலிக்கிறது, கருங்கடல் கரையிலிருந்து யாரும் நம் கடற்கரைக்கு மதம் கொண்டுவரவும் இல்லை. ஸ்பானிஷா போர்த்துகீசியமா என்பதை இந்த ஒரு சொல்லை வைத்துத் தீர்க்க முடியாது, பக்கத்துச் சொற்களைக் கேளுங்கள். ஜன்னல் போர்த்துகீசிய ‘ஜனேலா’. ஸ்பானிஷில் ஜன்னலுக்கு ‘வென்தானா’, பிரெஞ்சில் ‘ஃபெனேத்ர்’, இத்தாலியனில் ‘ஃபினெஸ்த்ரா’. நம் வீட்டு ஜன்னல் யார் வீட்டிலிருந்து வந்தது என்பதில் சந்தேகமே இல்லை. குருசும் அதே கூட்டத்தோடு வந்திறங்கியது.

கை நழுவும் இடம்

இனி எச்சரிக்கை. ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் எல்லையில் பாஸ்க் என்று ஒரு மொழி இருக்கிறது. ரொமான்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தது இல்லை, வேறு எந்தக் குடும்பத்தோடும் ஒட்டாத தனி மொழி. லத்தீன் குருகெம் அந்த மொழிக்கும் கடனாகப் போனது. அங்கே சிலுவைக்கு என்ன பெயர் தெரியுமா? ‘குருட்ஸே’. க்ரூ உடைந்து குரு ஆகியிருக்கிறது, நம் வாயில் நடந்த அதே மாற்றம்!

இன்னும் கேளுங்கள். கோட்டாறு பேராலயத்தின் பாதுகாவலர் புனித சவேரியார் 1506இல் நவாரா நாட்டில் சேவியர் கோட்டையில் பிறந்தவர். தாய்மொழி பாஸ்க். ‘அவர்கள் மொழி மலபார், என் மொழி பாஸ்க், அவர்கள் சொல்வது எனக்குப் புரியவில்லை, நான் சொல்வது அவர்களுக்குப் புரியவில்லை’ என்ற பொருளில் 1544ஆம் ஆண்டுக் கடிதத்தில் அவரே எழுதியிருக்கிறார். மலபார் என்று அன்றைய ஐரோப்பியர் குறித்தது தமிழையும்தான். சேவியர் என்ற பெயரே பாஸ்க் மொழியில் ‘எச்செபெர்ரி’, அதாவது புதுவீடு என்பதிலிருந்து வந்தது. நம் பக்கம் வீட்டுப்பெயராகப் புத்தன்வீடு என்று வைப்பார்கள் அல்லவா, அதேதான்.

இப்படி இரண்டு தகவல் பக்கத்தில் பக்கத்தில் வந்து விழும்போது, ‘ஆக, சவேரியார் தாய்மொழியிலிருந்துதான் குருசு வந்தது’ என்று எழுதக் கை துடிக்கும். எழுதாதீர்கள். தமிழும் பாஸ்க்கும் சொல் முதலில் ‘க்ர்’ வருவதை ஏற்காத மொழிகளாக இருந்தன, ஆகவே இரண்டும் தனித்தனியே உயிரை நுழைத்தன. சவேரியார் கடற்கரையில் ஜெபம் கற்றுக்கொடுத்ததும் உள்ளூர்க்காரர்களை வைத்துத் தமிழில் மொழிபெயர்த்த வாசகங்களைக் கொண்டுதான். பாஸ்க் வடிவத்தில் கடைசியில் ‘ட்ஸே’ என்று எகரம் இருக்கிறது, நம்மிடம் அதன் சாயலே இல்லை. ஒற்றுமையை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள், ரசியுங்கள், ஆனால் வேர் என்று போடாதீர்கள். எனக்கு இந்த ஒற்றுமை மிகப் பிரியமானது. அதனால்தான் இதில் கூடுதல் கண்டிப்பாக இருக்கிறேன்.

பொருள் எப்படி நடந்து வந்தது

ஒலிக்கு விதி உண்டு, பொருளுக்கு வரலாறுதான் உண்டு. லத்தீனில் குருக்ஸ் என்றால் கொலை மரம். அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் கொடுத்த தண்டனை. கி.மு. 71இல் ஸ்பார்ட்டகஸ் தலைமையில் நடந்த அடிமைகள் எழுச்சியை ஒடுக்கிய பிறகு, பிடிபட்ட ஏறத்தாழ 6,000 பேரைக் கபுவாவிலிருந்து ரோம் போகும் சாலை நெடுக அறைந்து நிறுத்தினார்கள். வாயால் சொல்லவே கூசிய அந்தச் சொல் கிறிஸ்தவத்தால் புனிதச் சொல் ஆயிற்று. அப்புறம் அந்த வடிவத்தைப் பார்த்துப் புதுப் பொருள்கள் கிளைத்தன. ஸ்பானிஷில் ‘குருசார்’ என்றால் குறுக்கே கடப்பது, இத்தாலியனில் ‘இன்குரோச்சோ’ நாற்சந்தி. குறுக்கெழுத்துப் புதிருக்குப் போர்த்துகீசியத்தில் ‘பலாவ்ராஸ் குருசாதாஸ்’. 1457இல் போர்ச்சுகல் மன்னர் ஐந்தாம் அஃபோன்சோ வெளியிட்ட தங்க நாணயத்துக்கு ‘குருசாதோ’ என்று பெயர். தெற்கு வானத்தில் சிலுவை வடிவில் நிற்கும் நட்சத்திரக் கூட்டத்துக்கு வானியலில் இன்றும் லத்தீன் பெயரான குருக்ஸ்தான். ஏப்ரல், மே மாத இரவுகளில் குமரி முனையில் நின்று தெற்கே பார்த்தால் கடலுக்குமேல் தாழ்வாகத் தெரியும்.

இத்தனை பொருள்களில் தமிழுக்கு வந்தது ஒன்றே ஒன்று. கடன் வாங்கும் மொழி சொல்லின் எல்லாப் பொருளையும் வாங்காது, தேவைப்பட்டதை மட்டும் எடுத்துக்கொள்ளும். கோயில் பொருளைப் போர்த்துகீசியரிடம் வாங்கினோம். கடக்கும் பொருளை வெகுகாலம் கழித்து ஆங்கிலத்திடம் வாங்கினோம். ஆங்கிலக் கிராஸும் அதே லத்தீன் குருக்ஸ்தான், அயர்லாந்து வழியாகச் சுற்றிப்போய் ஒலி மாறியது. ஆகவே ‘குரூஸ் அண்ணன் ரோட்டை கிராஸ் பண்ணி குருசடியில மெழுகுதிரி வச்சாரு’ என்று எங்கள் ஊரில் யாராவது சொன்னால், ஒரே லத்தீன் சொல் மூன்று உருவத்தில் வந்து ஒரே வாக்கியத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். பிள்ளைகளுக்கு இந்த வாக்கியம் மனப்பாடம்.

யார் கொண்டுவந்தார்கள், எப்போது

ஒலி காட்டும் திசையை வரலாறு ஒத்துக்கொள்கிறதா என்று கடைசியில் பார்க்க வேண்டும். 1498இல் போர்த்துகீசியர் கோழிக்கோட்டுக்கு வந்தார்கள். சவேரியார் 1542இல் கோவா வந்து, தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக்கு இறங்கினார். 1544 கடைசியில் நம் திருவிதாங்கூர்க் கடற்கரை ஊர்களில் ஒரே மாதத்தில் 10,000க்கும் மேற்பட்டவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாகக் கடிதம் எழுதியிருக்கிறார். 1578இல் கொல்லத்தில் அன்றிக் அடிகளார் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். இந்தக் காலத்துச் சொல் என்பதற்கு வரலாறு முழுசாக இடம் கொடுக்கிறது.

இங்கே ஒரு கேள்வி மிச்சம். அப்படியென்றால் சிலுவை? அது வேறு வழி. சீரியக் மொழியில் ‘ஸ்லீவா’. கேரளத்துப் பழைய கிறிஸ்தவர்களின் வழிபாட்டு மொழி அது. தக்கலைக்குப் பக்கத்தில் திருவிதாங்கோட்டு அரப்பள்ளி அந்த மரபைச் சேர்ந்ததுதான். அந்த மரபு வழியாக வந்த ஸ்லீவாவின் கடைசி ஆகாரம் சபா சபை ஆனது போல ஐகாரமாகி, சிலுவை ஆயிற்று. அரபிக்கடலைத் தாண்டி வந்த சொல் வேதப்புத்தகத்தில் ஏறியது, ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்த சொல் சந்தி சந்தியாக நின்றுவிட்டது. ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் இருந்தால் இரண்டையும் தனித்தனியே தேடுங்கள்.

நீங்கள் கண்டதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனில் சரிபாருங்கள். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, கடன்சொல் என்றால் மூலமொழியைச் சுருக்கக்குறியாகப் போட்டிருக்கும். போர்த்துகீசியச் சொற்களுக்கு என்றே கோவாவைச் சேர்ந்த பாதிரியார் தல்காது 1913இல் ஒரு பெரிய தொகுப்பு வெளியிட்டிருக்கிறார். அகராதியை முதலில் திறக்காமல் கடைசியில் திறப்பதுதான் நல்லது. விடை தெரிந்துவிட்டால் யாரும் தேட மாட்டார்கள்.

பழகிக்கொள்ள ஒரு சொல்லும், திசை மாற்ற ஒரு சொல்லும்

அடுத்துச் சாவியை எடுங்கள். எங்கள் பக்கம் வயசானவர்கள் தாக்கோல் என்றுதான் சொல்வார்கள், அது மலையாளத்தோடு பங்குபோட்டுக்கொள்ளும் சொல். சாவி லத்தீன் ‘கிளாவெம்’. இத்தாலியன் கியாவே, பிரெஞ்சு கிளே, ஸ்பானிஷ் யாவே, போர்த்துகீசியம் சாவே. இதே மாற்றம் நடந்த இன்னொரு சொல் எங்கே? கூப்பிடுவதற்கு லத்தீனில் ‘கிளாமாரே’. இத்தாலியன் கியாமாரே, ஸ்பானிஷ் யாமார், போர்த்துகீசியம் சாமார். அச்சு அசலாக விழுகிறது. இன்றைய லிஸ்பனில் ‘ஷாவ்’ என்று மென்மையாகச் சொல்வார்கள். ஆனால் மராத்தியில் ‘ச்சாவி’, இந்தியில் ‘ச்சாபி’ என்று அழுத்தமான சகரம் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டுப் போர்த்துகீசியர் அப்படித்தான் உச்சரித்தார்கள், வட போர்ச்சுகலில் சில இடங்களில் இன்னும் அப்படியே. கடன் கொடுத்தவர் இழந்த ஒலியைக் கடன் வாங்கியவர் பத்திரமாக வைத்திருப்பது உண்டு.

எல்லாச் சொல்லும் அங்கிருந்து இங்கே வந்தது என்றும் நினைத்துவிடாதீர்கள். பலாப்பழத்துக்கு நாம் சொல்வது சக்கை. போர்த்துகீசியத்தில் ஜாக்கா, பிரெஞ்சில் அந்த மரத்துக்கு ஜாக்கியே, ஆங்கிலத்தில் ஜாக். குருசையும் சாவியையும் போலக் காட்சி தருகிறது. சோதித்துப் பாருங்கள். லத்தீனில் இதற்கு மூலச்சொல் இல்லை. அக்கா தங்கைகளிடம் கியா, யா, கிளே என்பது போன்ற வித்தியாசமும் இல்லை, எல்லோரிடமும் ‘ஜாக்’ என்ற ஒரே வடிவம், ஒருவரிடமிருந்து ஒருவர் கைமாற்றாக வாங்கியது. மரத்தின் பிறப்பிடம் மேற்குத் தொடர்ச்சி மலை. 1563இல் கோவாவில் அச்சான மருந்துச்செடி நூலில் கார்சியா த ஓர்த்தா, மலபாரில் இதை ஜாக்கா என்கிறார்கள் என்று குறித்திருக்கிறார். நல்ல போர்த்துகீசிய அகராதியில் சொற்பிறப்பு என்ற இடத்தில் மலையாளம் என்று போட்டிருக்கும். இதற்கு நோட்டில் அம்புக்குறி போடும்போது நம் பக்கமிருந்து அந்தப் பக்கம் போடுங்கள்.